பாடசாலையும் ஒலி ஒளிபரப்புக் கலையும்



மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோமாயின், வாழைச்சேனையைத் தாண்டி, மாங்கேணி, பனிச்சங்கேணி ஆகிய ஊர்களையும் கடந்து, 60 கிலோமீற்றருக்கும் கூடிய தொலைவில் வாகரையை அடைவோம். ஒரு புறம் வங்கக் கடல். மறு புறம் களப்பும் காடும். மீன்பிடியும் சேனைப் பயிரும் தேனெடுத்தலும் இவ்வூர் மக்களின் பழந்தொழில்கள். இப்பகுதியின் அரசினர் பாடசாலை ஒன்றில் அதிபராகப் பணியாற்றும் நான், இன்று உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒலிபரப்பும் ஒளிபரப்பும் நம் பாடசாலைகளுக்குள் நுழைந்த வரலாறு ஆகும்.

காடும் கடலும் சூழ்ந்த ஊரிலே கமெராவைப் பற்றியும் ஒலிவாங்கியைப் பற்றியும் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை வரலாற்றிலேதான் இருக்கிறது. ஆதலின், முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1923-ஆம் ஆண்டு. கொழும்புத் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர், தம் உதவியாளர்களுடன் சேர்ந்து ஒரு சிறு ஒலிபரப்புக் கருவியை அமைத்தார். அதற்கு வேண்டிய உறுப்புகள் எங்கிருந்து கிடைத்தன தெரியுமா? முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிச் சாதனங்களிலிருந்து கிடைத்தன. அழிவுக்கென ஆக்கப்பட்ட கப்பலின் உறுப்பு, மத்திய தந்தி நிலையத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசையை வான்வெளியில் பரப்பிற்று. பின்னர், 1925 டிசெம்பர் 16-ஆம் நாள், ஆளுநர் சேர் ஹியூ கிளிபோர்டு முறைப்படி தொடக்கி வைக்க, கொழும்பு வானொலி பிறந்தது. ஆசியாவிலே மிக மூத்த வானொலி நிலையங்களுள் ஒன்று என்னும் பெருமை அதற்கு உண்டு. 1949-இல் அது இலங்கை வானொலி என்னும் பெயரைப் பெற்றது, 1967-இல் கூட்டுத்தாபனமாயிற்று.

இவ்வரலாற்றிலே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒலிபரப்பு இந்நாட்டிலே தொடங்கியபோது அது கைத்தொழிலாகவே தொடங்கிற்று. கம்பியைச் சுற்றியும், உறுப்புகளைப் பொருத்தியும், பிழை கண்டு திருத்தியும் சிலர் தம் கைகளாலேயே அதனைக் கற்றார்கள். ஏனையோர் அனைவரும் கேட்பவர்கள் ஆனார்கள். ஆக்குவோர் சிலர், கேட்போர் பலர் என்னும் இப்பிரிவு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் நிலைத்து நின்றது.

பாடசாலைக்குள் வானொலி வந்த விதமும் இதுவே. 1924 ஏப்ரல் மாதத்திலேயே பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் பள்ளிச் சிறார்க்கென ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. சேர் வால்போர்டு டேவிஸ் என்னும் இசைப் பேராசிரியர் அதனைத் தொடக்கி வைத்தார். அவ்வழக்கம் பிற்காலத்தில் நம் நாட்டுக்கும் வந்தது. இலங்கை வானொலியின் பாடசாலை ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். மேசைமீது வானொலிப் பெட்டி. முன்னே வரிசையாக மாணாக்கர். அருகே மௌனமாக நிற்கும் ஆசிரியர். தூரத்து நகரிலிருந்து வரும் குரலை எல்லோரும் செவிமடுத்தனர். நல்லாசிரியர் இல்லாத பின்தங்கிய ஊருக்கும் நல்லாசிரியரின் குரலைக் கொண்டு சென்ற பெருமை அந்தப் பெட்டிக்கு உரியது. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும், கேட்பதோடு அமையாது பேசவும் வாய்ப்புப் பெற்ற பிள்ளைகள் சிலர் இருந்தனர். ‘சிறுவர் மலர்’ என்னும் நிகழ்ச்சியைப் பழைய நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதிலே குரல் கொடுக்க வந்த சிறுவருள் ஒருவரே, பின்னாளில் உலகத் தமிழர் அனைவரும் அறிந்த அறிவிப்பாளராகத் திகழ்ந்த பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள். பள்ளிப் பருவத்திலே ஒலிவாங்கியின் முன் நின்ற பழக்கம் ஒருவரது வாழ்வை எங்கே கொண்டு சென்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆனால், அந்த வாயில் தலைநகரை அண்டி வாழ்ந்த பிள்ளைகளுக்கே எளிதில் திறந்தது. வாகரை போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்குச் செவி மட்டுமே உரியதாயிற்று, ஒலிவாங்கி உரியதாகவில்லை.

ஒலிபரப்பு ஒரு தனிக் கலை. அதனைக் கற்கவும் கற்பிக்கவும் முடியும் என்பதைத் தமிழிலே எடுத்துரைத்த முன்னோடி ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். அவர்தாம் சோ. சிவபாதசுந்தரம். இலங்கை வானொலியிலும் இலண்டனிலும் பணியாற்றிய அவர், பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ எனப் பெயர் சூட்டியவர். 1954-இல் அவர் எழுதி வெளியிட்ட ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூல், இத்துறையில் தமிழ்மொழிக்குக் கிடைத்த அரிய செல்வம். காகிதத்துக்கு எழுதும் தமிழ் வேறு. காதுக்கு எழுதும் தமிழ் வேறு. படிப்பவர் விளங்காத வரியைத் திரும்பப் படிக்கலாம். கேட்பவருக்கு அவ்வசதி இல்லை. எனவே வாக்கியம் தெளிவாக இருத்தல் வேண்டும். எண்களும் பெயர்களும் குவியலாக விழுதல் கூடாது. லகர, ளகர, ழகரங்கள் தத்தம் இடத்தில் நின்று ஒலித்தல் வேண்டும். இவையெல்லாம் ஒலிபரப்பாளனுக்கு மட்டுமன்றி, நன்கு பேச விரும்பும் ஒவ்வொரு மாணாக்கனுக்கும் மாணவிக்கும் உரிய பாடங்கள் அல்லவா?

இனி, நம் பிரதேசத்தின் ஒலி எவ்வாறு உலகின் செவிக்குச் சென்றது என்று பார்ப்போம்.

1907-ஆம், 1908-ஆம் ஆண்டுகளில் செலிக்மன் என்னும் ஆங்கிலேய மானிடவியல் அறிஞரும் அவர் துணைவியார் பிரெண்டாவும் இலங்கைக்கு வந்து வேடர் மக்களிடையே ஆய்வு செய்தனர். அவர்கள் போனோகிராப் கருவியைக் காட்டுக்குள் எடுத்துச் சென்று, வேடரின் பாட்டுகளை மெழுகு உருளைகளிலே பதிவு செய்தார்கள். 1911-இல் வெளிவந்த அவர்களது நூலில், அப்பாட்டுகளைப் பற்றிய இசை ஆராய்ச்சியும், கிழக்குக் கரையோர வேடரைப் பற்றிய ஓர் அதிகாரமும் உண்டு. கரையோர வேடரின் வழிவந்தோர் இன்றும் வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளி முதலிய ஊர்களிலே தமிழ் பேசி வாழ்கின்றனர். மெழுகு உருளைகளோ இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்திலே பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

மற்றொரு செய்தி நேயர்களுக்கு நன்கு தெரிந்ததே. மட்டக்களப்பு வாவியின் ‘பாடும் மீன்’ இசையைக் கேட்டறியாதார் யார்? நிலாக் காலத்திலே கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருந்து, துடுப்பை நீரில் வைத்து அதன் மறுமுனையிலே காதைப் பொருத்திக் கேட்கும் வழக்கம் பழமையானது. அவ்வோசையை 1954-இல் ஒலிப்பதிவு செய்தவர் அமெரிக்க இயேசு சபைத் துறவியார் லாங் அடிகளார் ஆவார். 1960-களில் அப்பதிவு இலங்கை வானொலியிலே ஒலிபரப்பாயிற்று. வாவிக்கு அடியிலே இருந்த ஓசை, இதனால் நாடு முழுவதும் கேட்டது.

இவ்விரு முயற்சிகளுக்கும் நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்கள் பதிவு செய்திராவிடின், அவ்வொலிகளுள் பல காற்றோடு கலந்து மறைந்திருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேடரின் பாட்டைப் பதிவு செய்தவர் ஆங்கிலேயர். வாவியின் பாட்டைப் பதிவு செய்தவர் அமெரிக்கர். இம்மண்ணின் பிள்ளை எவரிடமும் அக்காலத்தில் கருவி இல்லை. கருவியைக் கையாளும் கல்வியும் இல்லை. பிறர் எதைக் கேட்க விரும்பினார்களோ அதுவே பதிவாயிற்று. அவர்கள் கேளாதது பதிவாகவில்லை.

ஒலியின் கதை இவ்வாறிருக்க, ஒளியின் கதையும் இதற்கு இணையாகவே நடந்தது. 1945-இல் ஆர்தர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர், பூமியைச் சுற்றிவரும் செய்மதிகளின் மூலம் உலகெங்கும் ஒலி, ஒளி பரப்பலாம் என்று ஒரு கட்டுரை வரைந்தார். பின்னர் அவர் இலங்கையையே தம் இல்லமாகக் கொண்டார். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, இந்தியா ஒரு செய்மதியின் துணையோடு ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியை எடுத்துச் சென்றது. காலை வேளையிலே பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள். மாலையிலே வேளாண்மையும் சுகாதாரமும். அம்முயற்சியின்போது கொழும்பிலே கிளார்க்கின் வீட்டிலும் ஒரு வாங்கிச் சாதனம் அமைக்கப்பட்டது. இலங்கைக்கெனத் தொலைக்காட்சி நிலையம் பிறக்குமுன்னரே, இந்நாட்டிலே தொலைக்காட்சிப் படம் தோன்றிய விந்தை அது. அதன் பின்னர் 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், ஜப்பானிய நாட்டின் உதவியுடன் 1982 பெப்ரவரி 15-ஆம் நாள் ரூபவாகினியும் தம் ஒளிபரப்பைத் தொடங்கின.

தொலைக்காட்சியைக் கல்விக்குப் பயன்படுத்துவதில் உலகம் இரு வழிகளைக் கண்டிருக்கிறது. அவ்விரண்டையும் ஒப்புநோக்குதல் நமக்குப் பயன் தரும்.

பசிபிக் மாகடலிலுள்ள அமெரிக்க சமோவாத் தீவுகளில் 1964-ஆம் ஆண்டு ஒரு பெருமுயற்சி தொடங்கிற்று. தலைமை நிலையத்திலே சில ஆசிரியர்கள் கமெரா முன் நின்று பாடம் நடத்துவர். தீவுகளின் வகுப்பறைகளிலெல்லாம் பெட்டியின் முன் பிள்ளைகள் அமர்ந்து அதனைப் பார்ப்பர். வகுப்பிலுள்ள ஆசிரியர் பின்தொடர்ந்து பயிற்சி கொடுப்பர். தொடக்கத்திலே உலகம் அதனை வியந்து பாராட்டிற்று. பத்தாண்டுகளுக்குள்ளே மாணாக்கருக்கும் ஆசிரியருக்கும் சலிப்புத் தட்டியது. திட்டம் தேய்ந்து சுருங்கிற்று. பார்ப்பதற்கு மட்டுமே பழக்கப்பட்ட கண், நாளடைவிலே பார்ப்பதையும் விட்டுவிடுகிறது என்னும் பாடத்தை அது கற்பித்தது.

மற்றொரு வழி, இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் கேடா மாவட்டத்திலே கண்டறியப்பட்டது. பீஜ் என்னும் கிராமத்தில் நிறுவப்பட்ட சிறிய ஒளிபரப்பு நிலையத்துக்கென, 1975 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், அம்மாவட்ட மக்களின் வாழ்வையே பொருளாகக் கொண்டு நிகழ்ச்சிகள் ஆக்கப்பட்டன. கிராமத்தாரே நடித்தனர், கிராமத்தாரே பேசினர், கூலிப் பிரச்சினையும் குடிப்பழக்கமும் தீண்டாமையும் அவர்கள் வாயாலேயே எடுத்துரைக்கப்பட்டன. 1984-இல் யுனெஸ்கோவின் கிராமியத் தொடர்பாடற் பரிசு அத்திட்டத்துக்குக் கிடைத்தது. நம் நாட்டிலும் இதே போக்கில், 1981-இல் மகாவலிச் சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. குடியேற்றக் கிராமங்களுக்கு வானொலிக் குழுவினர் நேரிற் சென்று தங்கி, மக்களோடு சேர்ந்து நிகழ்ச்சிகளை ஆக்கினர். தமிழகத்திலோ, 2004 பெப்ரவரி முதலாம் நாள், சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலே சமுதாய வானொலி ஒன்று எழுந்தது. மாணாக்கரும் அயலிலுள்ள குடும்பப் பெண்களும் அதிலே தாமே நிகழ்ச்சி தயாரித்து ஒலிபரப்பினர்.

முதல் வழி பிள்ளையைப் பார்வையாளனாக அமர்த்துகிறது. இரண்டாம் வழி அவனை ஆக்குவோனாக எழுப்பி நிறுத்துகிறது. பாடசாலைக்கு உகந்த வழி எது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இப்பொழுது வாகரைக்குத் திரும்புவோம். 2004 டிசெம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. கிழக்குக் கரை முழுவதும் அடைந்த துயரிலே வாகரைக்கும் பங்கு உண்டு. அக்கண்ணீர் ஆறுமுன்னரே, 2006-இன் பிற்பகுதியிலும் 2007-இன் தொடக்கத்திலும் போர் காரணமாக இப்பகுதி மக்கள் வீடு வாசல் துறந்து இடம்பெயர நேர்ந்தது. இரு காலங்களிலும் உலகெங்குமிருந்து படப்பிடிப்பாளர்கள் வந்தனர். அழும் தாயைப் படம்பிடித்தனர், இடிந்த சுவரைப் படம்பிடித்தனர், சென்றுவிட்டனர். உலகம் அப்படங்களைக் கண்டு இரங்கிற்று, உதவியும் அனுப்பிற்று. அது நன்மையே. எனினும், அப்படங்களிலே எங்கள் மக்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. அலை வருமுன் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள், எந்தப் பாட்டைப் பாடி வலை இழுத்தார்கள், திரும்பி வந்த பின் முதற்பயிரை எவ்வாறு இட்டார்கள் என்பவற்றைக் கூறப் படம்பிடிப்போர் எவரும் தங்கியிருக்கவில்லை. ஓர் ஊர் துயரின்போது மட்டும் உலகத்தின் கண்ணுக்குத் தெரிந்து, மற்றைய நாட்களெல்லாம் மறைந்து கிடப்பது அவ்வூர்ப் பிள்ளைகளின் உள்ளத்திலே என்ன எண்ணத்தை உண்டாக்கும்? தாம் இரங்கத்தக்கவர் என்னும் எண்ணத்தைத்தானே? வரலாற்றைக் கற்பிக்கும் எவருக்கும் இது கவலை தரும் செய்தியாகும்.

இங்கேதான் கமெராவும் ஒலிவாங்கியும் பாடசாலைக்கு வேண்டும் என்று நான் வாதிடுகிறேன். நம் நாட்டுப் பாடத்திட்டத்திலே, சாதாரண தரத்துக்கும் உயர் தரத்துக்கும் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்னும் பாடம் இருக்கிறது. அது வரவேற்கத்தக்க ஏற்பாடு. ஆனால் பல கிராமப் பாடசாலைகளில் அப்பாடம் எவ்வாறு கற்கப்படுகிறது? அண்மைக் காட்சி என்றால் என்ன, சேய்மைக் காட்சி என்றால் என்ன என்று குறிப்பேட்டில் எழுதி, மனனம் செய்து, பரீட்சைத் தாளிலே ஒப்புவித்துவிட்டு, ஒரு நாளேனும் கமெராவைக் கையில் எடுக்காமலே சித்தியடைந்து வெளியேறும் மாணாக்கர் உளர். நீந்தும் முறையைக் கரையிலிருந்து படித்தவன் களப்பிலே இறங்கினால் என்ன ஆகும்?

கருவி விலையுயர்ந்தது என்று கூறித் தப்பிக்க இனி இயலாது. பெரும் நிலையங்கள் மட்டுமே ஒரு காலத்தில் வைத்திருந்த வசதி, இன்று ஒரு சாதாரண கைத்தொலைபேசியிலே அடங்கிக் கிடக்கிறது. ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய மூன்றையும் அதனாலேயே செய்துவிடலாம். பாடசாலைக்கு இரண்டு மூன்று கருவிகளும், ஒரு முக்காலியும், ஒரு சிறு ஒலிவாங்கியும் இருந்தால் வகுப்பைத் தொடங்கிவிடலாம். தேவைப்படுவது முறை.

அம்முறையை நாம் வெளிநாட்டிலிருந்து இரவல் பெறவேண்டியதில்லை. மட்டக்களப்பு நாட்டிலே வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பழக்கும் அண்ணாவிமார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்த ஒழுங்கு ஒன்று இருக்கிறது. முதலிலே ஆளுக்கேற்ற பாத்திரத்தைத் தெரிந்து, அவரவர் பாட்டை எழுதிக் கொடுக்கும் சட்டங்கொடுத்தல். பிறகு வாரந்தோறும் கூடிப் பழகும் கிழமைக் கூத்து. அடுத்து சதங்கை அணிதல். அதன்பின் முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். இறுதியிலே ஊரார் முன்னிலையில் அரங்கேற்றம். ஒரு நிகழ்ச்சியைத் தயாரிக்கும் ஒழுங்கும் இதுவே. எழுத்துப்பிரதி முதலில்; ஒத்திகை அடுத்து; படப்பிடிப்பு அதன் பின்; தொகுத்துப் பார்த்தல் பிறகு; ஊருக்குக் காட்டுதல் ஈற்றில். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, நாட்டுப்புறக் கலையின் கட்டுப்பாடு படித்தவரையும் வியக்க வைத்தது. அக்கட்டுப்பாட்டை அறிந்த ஊரின் பிள்ளைக்குத் தயாரிப்பு முறை அந்நியமாக இராது.

வகுப்பிலே பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தல் வேண்டும். ஒருவர் எழுதுவார், ஒருவர் வினவுவார், ஒருவர் கமெராவைப் பிடிப்பார், ஒருவர் ஒலியைக் கவனிப்பார், ஒருவர் தொகுப்பார். அடுத்த முறை பணிகளை மாற்றிக் கொடுத்தல் வேண்டும். இவ்வாறு செய்யும்போது பிள்ளைகள் கற்பவை பல. காலை வேளையிலே களப்பின் பக்கமாக ஒருவரை நிறுத்திப் படம்பிடித்தால், நீரின் பளபளப்பிலே அவர் முகம் இருண்டு போகும். ஒளி முகத்தின்மீது விழுமாறு நிற்கச் செய்தல் வேண்டும் என்பதை அவர்கள் கண்ணாலேயே அறிகிறார்கள். கடற்காற்று ஒலிவாங்கியில் மோதினால் பேச்சு முழுவதும் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். கடற்பஞ்சு போன்ற மென்பொருளால் அதனை மூடி, பேசுபவரின் வாய்க்கு அண்மையிலே பிடித்தல் வேண்டும் என்பதைக் காதாலேயே அறிகிறார்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையிலே ஒரு விநாடிக்கு 25 நிலைப்படங்கள் தொடர்ந்து தோன்றுவதனாலேயே அசைவு என்னும் தோற்றம் உண்டாகிறது என்று கேட்கும்போது, கண் என்னும் பொறியைப் பற்றிய விஞ்ஞானமும் அவர்களுக்கு விளங்குகிறது.

இவற்றினும் மேலான பாடம் படத்தொகுப்பிலே இருக்கிறது. ஒரு மூதாட்டி ஒரு மணி நேரம் பேசியதை ஐந்து நிமிடமாகச் சுருக்க வேண்டியிருக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது? அவர் சிரித்ததை விட்டுவிட்டு அழுததை மட்டும் வைத்தால் அவர் யாராகத் தோன்றுவார்? அவர் ஒரு பொருளைப் பற்றிச் சொன்ன சொல்லை வேறொரு பொருளுக்குப் பக்கத்திலே ஒட்டினால், அது பொய்யாகிவிடாதா? எந்த நீதி நூலையும் வெறுமனே படித்துக் கற்க முடியாத நேர்மையை, கத்தரிக்கோலைக் கையில் வைத்திருப்பவன் கற்றுக்கொள்கிறான். தானே வெட்டி ஒட்டிப் பார்த்த பிள்ளை, பிறர் வெட்டி ஒட்டி அனுப்பும் படத்தை எளிதில் நம்பிவிடவும் மாட்டாள். வதந்தி நொடிப்பொழுதிலே கைத்தொலைபேசி வழி ஊரெங்கும் பரவும் இக்காலத்திலே, இப்பயிற்சி ஒரு தற்காப்பு ஆகும்.

பெற்றோர் சிலர் எழுப்பும் வினா ஒன்று உண்டு. “படம் எடுப்பது என் பிள்ளைக்குச் சோறு போடுமா? கணிதமும் விஞ்ஞானமும் இருக்க, இது எதற்கு?” என்கின்றனர். வறுமையை அறிந்தவர்கள் கேட்கும் வினா அது. அதனை அலட்சியம் செய்தல் தகாது. இப்பாடத்தைக் கற்கும் எல்லோரும் ஒளிபரப்பாளர் ஆகப்போவதில்லை. இலக்கியம் கற்போர் எல்லோரும் புலவராவதில்லை. ஆயினும் இலக்கியத்தைக் கைவிட்டோமா? நான்கு பேர் முன்னிலையில் தெளிவாகப் பேசவும், ஒருவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கவும், கேட்டதை ஒழுங்குபடுத்தி எடுத்துரைக்கவும், குறித்த நேரத்திலே ஒரு காரியத்தைக் கூட்டாக முடிக்கவும் பழகிய பிள்ளை, எத்தொழிலுக்குச் சென்றாலும் பயன்பெறும்.

மற்றொரு சாரார், கைத்தொலைபேசியால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கருவி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. கற்பிப்பார் இல்லையென்றால் பிள்ளை அதனைத் தானாகவே கற்கும். அக்கல்வி எவ்வாறிருக்கும் என்பதை நாம் அறிவோம். ஆதலின் வகுப்பிலே சில விதிகள் முதற்பாடமாக அமைதல் வேண்டும். ஒருவரது இசைவு பெறாமல் அவரைப் படம்பிடித்தலாகாது. துயருற்றவர் போதும் என்றால் கருவியை நிறுத்துதல் வேண்டும். சிறு பிள்ளைகளின் முகத்தையும் முகவரியையும் பொதுவிலே காட்டுதல் கூடாது. ஆக்கியதை முதலிலே படத்தில் உள்ளவருக்குக் காட்டி, அவர் உடன்பட்ட பின்னரே பிறருக்குக் காட்டுதல் வேண்டும். பேரலையிலே பிள்ளையை இழந்த தாயிடம் கமெராவுடன் செல்லும் பதினாறு வயது மாணவி, கமெராவைத் தாழ்த்தி வைத்துவிட்டு அருகில் அமர வேண்டிய வேளை எது என்பதை அறிந்திருப்பாளாயின், அவள் பெற்ற கல்வி சிறந்த கல்வி என்பேன்.

2020 மார்ச் மாதத்திலே பெருந்தொற்றுக் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஒலிபரப்பின் பழைய பெருமையை நாம் மறுபடியும் கண்டோம். தொலைக்காட்சியில் பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒளிபரப்பாயின. இணைய வசதி இல்லாத வீட்டுக்கும் அவை சென்றன. அதே வேளையில், தொலைபேசிச் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் குன்றிலும் மரத்திலும் ஏறிய செய்திகளையும் இந்நாட்டிலே கேட்டோம். அந்நாட்களிலே நம் ஊர் மொழி வழக்கிலே, நம் ஊர்ப் பிள்ளைக்கு விளங்குமாறு, ஒரு பாடத்தைத் தாமே பதிவு செய்து அனுப்ப வல்ல ஆசிரியரும் மாணாக்கரும் எல்லாப் பாடசாலைகளிலும் இருந்திருப்பார்களாயின், எவ்வளவு நன்மை விளைந்திருக்கும்! ஆக்கும் திறன் ஊருக்குள் இருப்பது, நெருக்கடிக் காலத்துக்குச் சேமித்து வைத்த நெல்லைப் போன்றது.

இறுதியாக ஒன்று கூறி அமைகிறேன். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டுகளை முழுமையாக அறிந்தோர் அருகி வருகின்றனர். கரையோர வேடரின் சடங்குகளிலே, தமிழோடு பழஞ்சொற்களும் கலந்து வரும் பாட்டுகளுக்குப் பொருள் சொல்ல வல்ல முதியோர் சிலரே எஞ்சியுள்ளனர். பேரலைக்கு முந்திய கரை எவ்வாறிருந்தது என்பதைத் தம் நினைவிலே வைத்திருப்போரும் மூப்படைந்து வருகின்றனர். செலிக்மன் தம்பதியர் மீண்டும் வரப்போவதில்லை. லாங் அடிகளாரும் வரப்போவதில்லை. அவர்கள் செய்த பணியைச் செய்வதற்கு வேண்டிய கருவியும், அவர்களுக்கு இல்லாதிருந்த மொழியுரிமையும் உறவுரிமையும் இன்று இவ்வூர்ப் பிள்ளைகளிடம் உள்ளன. “அப்பாச்சி, அந்தப் பாட்டை ஒருக்கால் பாடுங்கோ” என்று கேட்கும் பேத்திக்குக் கிடைக்கும் பாட்டு, கடல் கடந்து வந்த ஆய்வாளருக்குக் கிடைக்குமா?

ஆகவே ஆசிரியர்களே, பெற்றோர்களே, கல்வி அதிகாரிகளே! ஊடகப் பாடத்தைக் குறிப்பேட்டிலிருந்து வெளியே எடுத்துக் களப்போரத்துக்குக் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு தவணையிலும் ஒவ்வொரு குழுவும் தன் ஊரைப் பற்றி ஒரு சிறு நிகழ்ச்சியேனும் ஆக்கட்டும். அதனைப் பாடசாலை மண்டபத்திலே ஊராரை அழைத்துக் காட்டுங்கள். ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்திலே பெயரும் திகதியும் இடமும் எழுதிச் சேமித்து வையுங்கள். இன்னும் ஐம்பது ஆண்டுகள் சென்றபின் வாகரையின் வரலாற்றை எழுதப் புகுவோர், அச்சான்றுகளைத் தேடி இலண்டனுக்குச் செல்லவேண்டிய நிலை இராது.